உள்ளங்காலைத் தொட்டுப் பாரு

போன மாசம் ஒரு ராத்திரி, மணி ஒண்ணரை இருக்கும், பாப்பா என்னைத் தட்டி எழுப்பி "அம்மா, குளிருது"ன்னா. ஏசி ஓடல, ஃபேன் ரெண்டுல சுத்துது, சென்னை புழுக்கத்துல நான் தலையணை நனைய வேர்த்துக் கிடக்கேன், இவளுக்கு என்னடான்னா பல்லு தந்தியடிக்குது. நெத்தியில கை வச்சா கொதிக்குது. தெர்மாமீட்டர் வச்சா 101.8. வீட்டுக்காரர் வேற ஊர்ல இல்ல. பாராசிட்டமால் சிரப்பைத் தேடி எடுத்து மூடியைத் திறந்துட்டேன், அப்புறம் என்னமோ தோணுச்சு, போர்வையை விலக்கி அவ உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தேன். ஃப்ரிட்ஜ்ல வச்ச மாதிரி சில்லுன்னு இருந்துச்சு.

இது எங்க அப்பத்தாகிட்ட இருந்து வந்த பழக்கம். சிவகங்கைப் பக்கம் எங்க ஊர்ல சின்னப் பிள்ளைங்களுக்கு ஜுரம்னா முதல்ல அப்பத்தாவைத்தான் கூப்பிடுவாங்க. அவங்க நெத்தி பக்கமே போக மாட்டாங்க, நேரா கால்மாட்டுல உக்காந்து உள்ளங்காலைப் பிடிப்பாங்க. கால் சில்லுன்னு இருந்தா "இன்னும் ஏறுதுத்தா, கம்பளியைப் போர்த்து"ம்பாங்க. கால் சூடாயி, கழுத்தடியில வேர்வை துளிர்த்துச்சுன்னா "விட்டுருச்சு, கஞ்சியை வை"ன்னு எந்திரிச்சுப் போயிருவாங்க. தெர்மாமீட்டரை அவங்க கையால தொட்டதே கிடையாது. ஆனா அவங்க சொல்லி அரை மணி நேரத்துல ஜுரம் ஏறாம நான் பார்த்ததும் கிடையாது.

சிரப்பைக் கொடுத்துட்டு பக்கத்துல படுத்தா தூக்கம் எங்க வருது. மண்டைக்குள்ள ஒரே கேள்வி. உடம்பு 102 டிகிரியில கொதிக்குது, அந்த உடம்புக்குள்ள இருக்கிற ஆளுக்கு ஏன் குளிருது? நான் பி.எஸ்சி. ஜுவாலஜி. "பைரோஜன்கள் ஹைப்போதலாமஸைத் தூண்டி செட் பாயின்ட்டை உயர்த்தும்"னு ரெண்டு மார்க் கேள்விக்கு எழுதி ரெண்டு மார்க்கும் வாங்கியிருக்கேன், அதுக்கு என்ன அர்த்தம்னு அன்னைக்கும் தெரியாது, அப்புறம் அக்கவுன்ட்ஸ் வேலைக்கு வந்து பதினாலு வருஷத்துல அந்த வரியும் மறந்துபோச்சு. அந்த ராத்திரி போனைக் கையில எடுத்தவ, அதுக்கப்புறம் ரெண்டு வாரம் கிடைச்சதை எல்லாம் படிச்சுட்டுத்தான் விட்டேன். இந்தப் பதிவு அதுதான். நான் டாக்டர் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன்.

நம்மள்ல நிறைய பேர் என்ன நினைக்கிறோம்னா, கிருமி உள்ள வந்துச்சு, அது உடம்பை சூடாக்குது, கிருமி போனா சூடு போயிரும். இது தப்பு. கிருமி ஒரு டிகிரிகூட சூடு பண்றதில்ல. அந்த சூடு முழுக்க நம்ம சொந்தத் தயாரிப்பு, மூளை ஆர்டர் போட்டு, நம்ம தசையும் கொழுப்பும் எரிச்சு உண்டாக்கினது. கிருமி உயிரோட இருக்கணும்னுகூட அவசியமில்ல.

இதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை அமெரிக்காவுல யேல் யூனிவர்சிட்டியில நடந்தது. 1920-கள்ல ஆஸ்பத்திரியில நரம்பு வழியா மருந்து ஏத்தினா சில பேருக்குக் கொஞ்ச நேரத்துல குளிர் தூக்கிப்போட்டு ஜுரம் வரும், "ஊசிக் காய்ச்சல்"னு பேரு வச்சிருந்தாங்க, எதனாலன்னு தெரியல. ஃபுளோரன்ஸ் சீபர்ட்னு ஒரு பெண் ஆராய்ச்சியாளர் தோண்டிப் பார்த்து 1923-ல சொன்னாங்க: மருந்து மேல குத்தமில்ல, அதைக் கரைக்கிற டிஸ்டில்டு வாட்டர்லதான் கோளாறு. தண்ணியை ஆவியாக்கும்போது சின்னச் சின்னத் துளிகளும் ஆவியோட சேர்ந்து தெறிச்சுப் போகுது, அந்தத் துளியில பாக்டீரியாவோட மிச்சம் மீதி இருக்கு. தண்ணியை எவ்வளவு கொதிக்க வச்சாலும் பாக்டீரியா சாகும், அதோட மேல்தோல்ல இருக்கிற அந்தக் கொழுப்புப் பொருள் அசையாது. அதை அழிக்கணும்னா கண்ணாடிப் பாத்திரத்தை 250 டிகிரி செல்சியஸ் உலர் வெப்பத்துல அரை மணி நேரம் வைக்கணும், அவ்வளவு பிடிவாதம். ஆக, செத்த பாக்டீரியாவோட சட்டைத்துணி ரத்தத்துல போனாலே போதும், தொத்து எதுவும் இல்லாம நல்ல ஜுரம் வரும். சீபர்ட் அந்தத் துளி தெறிக்காத மாதிரி வடிகலனை மாத்தி அமைச்சாங்க. இன்னைக்கு நாம கையை நீட்டி டிரிப் ஏத்திக்கிட்டு, குளிர் நடுக்கம் வராம வீட்டுக்கு வர்றோம்னா அதுல அந்தம்மாவுக்கும் பங்கு இருக்கு.

சரி, செத்த பாக்டீரியாவோட துணியைப் பார்த்து யாரு அலறுறா? வெள்ளை அணுக்கள். 1948-ல பால் பீசன்னு ஒரு டாக்டர், முயலோட வெள்ளை அணுக்கள்ல இருந்து ஒரு சாறு எடுத்து வேற முயலுக்குப் போட்டார், அதுக்கு ஜுரம் வந்துச்சு. அதாவது ஜுரம் உண்டாக்குற சரக்கு நம்ம படைகிட்டயே இருக்கு. கேக்க ஈஸியா இருக்கு, ஆனா இதை நிரூபிக்கறதுல பெரிய தலைவலி என்னன்னா, சீபர்ட் சொன்ன அந்தப் பாக்டீரியா அழுக்கு எங்க பார்த்தாலும் ஒட்டிக்கிட்டு இருக்கும், அதனால உன் சாறுல ஜுரம் வந்ததா இல்ல உன் டெஸ்ட் டியூப் அழுக்குல ஜுரம் வந்ததான்னு எவன் வேணாலும் கேக்கலாம். கேட்டாங்க, ரொம்ப வருஷம் கேட்டாங்க. 1970-கள்ல அமெரிக்காவுல சார்லஸ் டினரெல்லோ மனுஷ வெள்ளை அணுவுல இருந்து அந்தப் புரோட்டீனைப் பிரிச்சுச் சுத்தம் பண்ணி 1977-ல வெளியிட்டப்பவும் நம்பாதவங்க இருந்தாங்க, ஏன்னா நானோகிராம் கணக்குல, அதாவது ஒரு கிராமை நூறு கோடியாப் பிரிச்சா வர்ற பங்குல, முயலுக்கு ஜுரம் வருதுன்னா யாருக்குத்தான் சந்தேகம் வராது. 1984-ல அதோட ஜீனையே பிரிச்சு எடுத்தப்புறம்தான் வாயடைச்சுது. அதுக்குப் பேரு இன்டர்லூகின்-1. இந்த மாதிரி செல்லுக்கு செல் சேதி சொல்ற புரோட்டீனுங்களுக்குப் பொதுப்பேரு சைட்டோகைன், கொரோனா சமயத்துல டிவியில "சைட்டோகைன் புயல்"னு கத்தினாங்களே அதே கும்பல்தான். ஜுரத்துக்கு இதுல மூணு பேர் முக்கியம்: இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டிஎன்எஃப்.

இங்கதான் கதை சூடு பிடிக்குது. சேதி ரத்தத்துல இருக்கு, உடம்பு சூட்டை செட் பண்ற தெர்மோஸ்டாட், அதான் ஹைப்போதலாமஸ், மூளையில இருக்கு, நடுவுல ஒரு மதில். மூளைக்குப் போற ரத்தக்குழாயோட உள்சுவர் செல்லுங்க இடைவெளியே இல்லாம ஒண்ணோட ஒண்ணு தையல் போட்ட மாதிரி ஒட்டியிருக்கும், ரத்தத்துல இருக்கிற கண்டதும் மூளைக்குள்ள போகாம இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இன்டர்லூகின் மாதிரி பெரிய புரோட்டீன் அதுல சுலபமா நுழைய முடியாது. அப்ப மூளைக்கு எப்படி விஷயம் தெரியும்?

எங்க அபார்ட்மென்ட்ல டெலிவரி பசங்களை உள்ள விட மாட்டாங்க. அந்தப் பையன் கேட்ல நின்னு செக்யூரிட்டி அண்ணன்கிட்ட "சி பிளாக் 304"ன்னு சொல்வான், அவர் இன்டர்காம்ல நம்மளைக் கூப்பிடுவார். பையன் உள்ள வரல, சேதி வந்துருச்சு. மூளையிலயும் அச்சு அசல் இதேதான் நடக்குது. இன்டர்லூகின் வந்து ரத்தக்குழாய்ச் சுவர்ல இருக்கிற செல்லோட வெளிப்பக்கம் அதுக்குன்னே இருக்கிற ரிசெப்டர்ல உக்காருது. உடனே அந்த சுவர் செல்லு ரெண்டு என்சைமைத் தயார் பண்ணுது, ஒண்ணு காக்ஸ்-2, இன்னொண்ணு அதுக்கு அடுத்த கட்ட வேலை பார்க்கிறது. ரெண்டும் சேர்ந்து செல்லோட சவ்வுல இருக்கிற ஒரு கொழுப்பை எடுத்து வெட்டி மடக்கி புரோஸ்டாகிளாண்டின் இ2-ன்னு ஒரு குட்டி மூலக்கூறா மாத்துது. இது கொழுப்பு, சின்னது, மதில் எல்லாம் இதுக்குப் பொருட்டே இல்ல, உள்ள கசிஞ்சு ஹைப்போதலாமஸுக்குப் போயிருது. இந்த என்சைம் தயாராக நேரம் பிடிக்கும், சாயங்காலம் "என்னமோ மாதிரி இருக்கு"ன்னு சோபாவுல சுருண்ட பிள்ளைக்கு ராத்திரி ஜுரம் ஏறுறதுல இந்தத் தாமதத்துக்கும் பங்கு உண்டு. இது ஒரே வழின்னும் இல்ல, மூளையில மதில் கொஞ்சம் ஓட்டையா விட்ட இடம் ஒண்ணு ரெண்டு இருக்கு, வயித்துல இருந்து மேல போற வேகஸ் நரம்பும் தன் பங்குக்குப் போட்டுக்கொடுக்குது, ஆனா பெரிய வேலை நடக்கறது இந்தச் சுவர்லதான்னு இப்ப நிறைய ஆராய்ச்சி சொல்லுது. ஸ்வீடன்ல 2003-ல அந்த ரெண்டாவது என்சைம் இல்லாத எலிகளுக்கு பாக்டீரியா நஞ்சைப் போட்டுப் பார்த்தாங்க, ஜுரமே வரல. வெள்ளை அணு இருக்கு, இன்டர்லூகின் இருக்கு, கேட்ல பையன் கத்திக்கிட்டு இருக்கான், இன்டர்காம்தான் இல்ல.

நம்ம வீட்டு மருந்து டப்பாவுல இருக்கிற ஜுர மருந்து எல்லாமே இந்த இன்டர்காம் வயரைத்தான் புடுங்குது. ஆஸ்பிரின் 1899-லயே கடைக்கு வந்துருச்சு, எழுபது வருஷம் உலகமே முழுங்குச்சு, அது எப்படி ஜுரத்தைக் குறைக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது! 1970-ல லண்டன்ல மில்டனும் வெண்ட்லாண்டும் பூனையோட மூளைக்குள்ள நேரா புரோஸ்டாகிளாண்டினை விட்டாங்க, கிடுகிடுன்னு ஜுரம் ஏறுச்சு. அடுத்த வருஷம் அதே லண்டன்ல ஜான் வேன், ஆஸ்பிரின் பண்ற வேலை புரோஸ்டாகிளாண்டின் தயாராகறதைத் தடுக்கறதுதான்னு கண்டுபிடிச்சார், 1982-ல நோபல் வாங்கினார். ரெண்டையும் சேர்த்து வச்சுப் பாருங்க. புரோஸ்டாகிளாண்டினை ஏற்கெனவே மூளைக்குள்ள கொண்டுபோய் வச்சுட்டா இந்த மாத்திரை எதுவும் அந்த ஜுரத்தை இறக்காது, ஏன்னா அது தடுக்கறது தயாரிப்பை, தயாரான சரக்கை இல்ல. பாராசிட்டமால் ஆஸ்பிரின் மாதிரியே அச்சா வேலை பண்றதில்ல, ஆனா மூளைப் பக்கம் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கிறதுதான் அதோட ஜுர வேலையும். கிருமிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. "ரெண்டு நாளா மாத்திரை கொடுக்கறேன், ஜுரம் திரும்பத் திரும்ப வருது, மாத்திரை வேலை செய்யல"ன்னு ஸ்கூல் வாட்ஸப் குரூப்ல வாரம் ஒருத்தர் போடறாங்க. மாத்திரை அதோட வேலையை ஒழுங்காத்தான் பண்ணுச்சு, நாலஞ்சு மணி நேரம் வயரைப் புடுங்கி வச்சுச்சு, பையன் இன்னும் கேட்லயே நிக்கிறான், மறுபடி மாட்டின உடனே மறுபடி மணி அடிக்குது.

இப்ப அந்த சில்லுன்னு இருந்த காலுக்கு வர்றேன்.

ஹைப்போதலாமஸோட முன்பக்கத்துல, கண்ணுக்குப் பின்னாடி நடு மண்டையிலன்னு வச்சுக்கங்க, ஒரு சின்ன இடத்துல சூட்டைக் கவனிக்கிற நரம்பு செல்லுங்க இருக்கு. ரத்தம் சூடா இருந்தா இதுங்க சுறுசுறுப்பா துடிக்கும், அப்படித் துடிக்கும்போது உடம்போட சூடு உண்டாக்குற ஏற்பாடு எல்லாத்தையும் பிரேக் போட்டுப் பிடிச்சு வச்சிருக்கும். நாம சாதாரணமா இருக்கும்போதும் இந்த பிரேக் கொஞ்சம் அமுங்கியேதான் இருக்கும், அதனாலதான் 37 டிகிரி செல்சியஸ்கிட்ட நிக்கிறோம். புரோஸ்டாகிளாண்டின் வந்து இந்த செல்லுங்க மேல இருக்கிற இபி3-ன்னு ஒரு ரிசெப்டர்ல உக்காந்ததும் இதுங்க மந்தமாயிருது. (1998-ல ஜப்பான்ல இந்த ரிசெப்டர் இல்லாத எலி உண்டாக்கிப் பார்த்தாங்க, அதுக்கும் ஜுரம் வரல.) அதாவது ஜுரம்னா யாரோ ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறான்னு நான் இத்தனை நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன், நிஜத்துல பிரேக்ல இருந்து காலை எடுக்கறதுதான் நடக்குது.

பிரேக் விட்ட உடனே உடம்பு என்ன பண்ணுதுன்னா, முதல்ல சூடு வெளிய போற வழியை அடைக்குது. நமக்கு சூடு வெளிய போற பெரிய ஜன்னல் கையும் காலும். உள்ளங்கை, உள்ளங்கால்ல இருக்கிற ரத்தக்குழாயை எல்லாம் சுருக்கி, ரத்தத்தை உள்பக்கமா இழுத்துக்குது. அப்ப நெஞ்சும் வயிறும் மண்டையும் சூடாயிட்டே இருக்க, கால் மட்டும் ஐஸா கிடக்கும். அதுக்கும் மேல சூடு வேணும்னா சின்னப் பிள்ளைங்களுக்கு முதுகுப் பக்கம், கழுத்துப் பக்கம் பழுப்புக் கொழுப்புன்னு ஒண்ணு இருக்கு, எரிஞ்சு சூடு கொடுக்கறதுக்குன்னே இருக்கிற கொழுப்பு, அது எரியும். அப்புறம் தசை நடுங்கும், அதான் பல்லு தந்தியடிக்கிறது. தோல்ல ரத்தம் குறைஞ்சு அது சில்லிட்டுப் போறதால மூளைக்கும் "குளிருது"ங்கிற உணர்ச்சிதான் வருது, போர்வையைத் தேட வைக்குது. பாப்பா பொய் சொல்லல. அவ மூளை அப்பதான் 103 வேணும்னு ஆர்டர் போட்டிருக்கு, உடம்பு 101.8-லதான் இருக்கு, அந்த மூளைக்கு அது குளிர்தான்.

அப்பத்தாவோட உள்ளங்கால் டெஸ்ட்டு இதுதான். கால் சில்லுன்னா ஜன்னல் அடைச்சிருக்கு, அப்ப ஆர்டர் இன்னும் முடியல, ஜுரம் ஏறும். நெத்தி இப்ப எவ்வளவு சூடுன்னு மட்டும்தான் சொல்லும், கால் மூளை அடுத்து என்ன பண்ணப்போகுதுன்னு சொல்லும். படிச்சப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது, சும்மா சொல்லல.

மூணு மணி வாக்குல பாப்பா போர்வையை உதைச்சுத் தள்ளி "புழுங்குதும்மா"ன்னா. சிரப் வேலை செஞ்சு புரோஸ்டாகிளாண்டின் குறைஞ்சு, பிரேக் மறுபடி பிடிச்சு, ஆர்டர் 99-க்கு இறங்கிருச்சு, ஆனா உடம்பு இன்னும் 102, இப்ப மூளைக்கு அது அனல். ஜன்னல் எல்லாம் திறந்து, கால் சுடுது, கழுத்து நனைஞ்சு தலைமுடி ஒட்டியிருக்கு. வேர்வை வந்ததால ஜுரம் இறங்கலன்னு கவனிங்க, மூளை இறக்கணும்னு முடிவெடுத்ததால வேர்வை வந்துச்சு. கம்பளியைப் போர்த்தி வேர்க்க வச்சா ஜுரம் போயிரும்னு சொல்றவங்க வண்டிக்கு முன்னாடி மாட்டைக் கட்டாம மாட்டுக்கு முன்னாடி வண்டியைக் கட்டறாங்க.

இதே கணக்குலதான், ஏறிக்கிட்டு இருக்கிற ஜுரத்துக்கு ஐஸ் தண்ணியில துணி நனைச்சுப் போடறதும் வேலைக்காகாது. மூளை 103 கேக்குது, நீங்க தோலை இன்னும் சில்லுன்னு ஆக்கினா அது இன்னும் நடுங்கித்தான் பதில் சொல்லும், பிள்ளைக்கு அவஸ்தை. ஆனா ஒரு விஷயத்துல இதைத் தலைகீழா ஞாபகம் வச்சுக்கணும்: கத்திரி வெயில்ல மயங்கி விழுந்தவருக்கு உடம்பு கொதிக்கும், அது ஜுரம் இல்ல. அங்க புரோஸ்டாகிளாண்டின் கிடையாது, ஆர்டர் மாறல, மூளை வழக்கமான 98.6-தான் கேக்குது, உடம்பால சூட்டை வெளிய தள்ள முடியல. அவருக்குப் பாராசிட்டமால் ஒரு பைசாவுக்குப் பிரயோஜனமில்ல, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டு தண்ணியை ஊத்தி, விசிறி, எப்படியாவது உடனே குளிர வைக்கணும். தெர்மாமீட்டர்ல ரெண்டும் ஒரே 104-ஆ தெரியும், உள்ள நடக்கறது நேரெதிர்.

ஜுரம் நல்லதா கெட்டதான்னு கேட்டா எனக்குப் பதில் சொல்ல வந்தது ஒரு ஓணான். ஓணான் மாதிரின்னு வைங்க, அமெரிக்கப் பாலைவனத்துல இருக்கிற ஒரு வகை இகுவானா. இதுக்கு நடுங்கத் தெரியாது, உடம்புக்குள்ள சூடு உண்டாக்கத் தெரியாது, வெயில் பட்டாத்தான் சூடு. மிச்சிகன் யூனிவர்சிட்டியில மேத்யூ க்ளூகரும் கூட இருந்தவங்களும் இதுக்கு பாக்டீரியாவை ஊசியில போட்டாங்க. அது என்ன பண்ணுச்சு தெரியுமா, விளக்கு வச்ச சூடான மூலைக்கு எந்திரிச்சுப் போய் வழக்கத்தைவிட ரெண்டு டிகிரி கூடுதலா உடம்பைக் காய்ச்சிக்கிச்சு. 1975-ல வந்த அடுத்த ஆராய்ச்சியில அதுங்களை 34-ல இருந்து 42 டிகிரி செல்சியஸ் வரைக்கும் வேற வேற சூட்டுல அடைச்சு வச்சுப் பார்த்தாங்க, சூடு கூடக் கூட பிழைச்சதோட எண்ணிக்கை கூடுச்சு. ஓணான் விளக்கடிக்குப் போறதும் என் பொண்ணு கம்பளிக்குள்ள போறதும் ஒரே ஆர்டர்தான், கோடி கோடி வருஷமா மாறாத ஆர்டர். இவ்வளவு செலவு பிடிச்ச ஏற்பாடு, ஒரு டிகிரி செல்சியஸ் ஏத்த உடம்பு பத்து சதவீதத்துக்கும் மேல கூடுதலா எரிக்கணும், சும்மா இத்தனை காலம் நிலைச்சிருக்காது. அதுக்காக ஜுரத்துல முனகுற பிள்ளைக்கு "ஓணான் பிழைச்சுதே"ன்னு மருந்து கொடுக்காம உக்காரவும் என்னால முடியாது. நான் இப்ப நம்பரைப் பார்த்துக் கொடுக்கறதில்ல, ஆளைப் பார்த்துக் கொடுக்கறேன். 101-ல விளையாடிக்கிட்டு இருந்தா விட்டுடறேன், 100.5-லயே துவண்டு கிடந்தா எடைக்குத் தக்க அளவு கொடுத்துடறேன். மூணு மாசத்துக்குக் கீழ இருக்கிற குழந்தைன்னா இந்தப் பேச்செல்லாம் கிடையாது, ஜுரம்னா நேரா டாக்டர்தான்.

பசி போறது, படுத்தே கிடக்கிறது, உடம்பு வலி, யார்கிட்டயும் பேசப் பிடிக்காம சுவரைப் பார்த்துத் திரும்பிக்கிறது, இது எல்லாத்தையும் இழுத்துவிடறதும் இதே சைட்டோகைன்தானாம். "ஜுரத்துல வாய் கசக்குது"ன்னு நாம சோத்தை ஒதுக்குறது நாக்குக் கோளாறு மட்டும் இல்ல, மூளையும் சேர்ந்து போடற உத்தரவு. பாப்பாவுக்கு உயிரே தோசைதான், ரெண்டாவது நாள் தட்டுல வச்சதைப் பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா, அப்பதான் எனக்கு நிஜமா பயம் வந்துச்சு.

இந்த சேதிக்காரங்க அளவு மீறினா என்ன ஆகும்ங்கிறதுக்கு 2012-ல ஃபிலடெல்ஃபியாவுல நடந்தது ஒண்ணு. எமிலி வைட்ஹெட்னு 6 வயசுப் பொண்ணு, ரத்தப் புற்றுநோய், கீமோ எல்லாம் கைவிட்டப்புறம் அவளோட சொந்த டி செல்லை (அதுவும் ஒரு வகை வெள்ளை அணுதான்) எடுத்து மாத்தியமைச்சுத் திரும்ப ஏத்தினாங்க, குழந்தைங்கள்ல அதுதான் முதல் தடவை. அந்த செல்லுங்க புற்றை அடிச்ச அடியில சைட்டோகைன் வெள்ளமா வந்து, ஜுரம் 105-ஐத் தொட்டு, வென்டிலேட்டர்ல போயிட்டா. ரத்தத்தை டெஸ்ட் பண்ணா இன்டர்லூகின்-6 கன்னாபின்னான்னு ஏறிக்கிடக்கு. சிகிச்சையை உருவாக்கின கார்ல் ஜூனோட சொந்த மகளுக்கு மூட்டுவாதம், அதனால இன்டர்லூகின்-6-ஐ மறிக்கிற டோசிலிசுமாப்னு ஒரு மூட்டு மருந்து இருக்கறது அவருக்குத் தெரிஞ்சிருந்துது. அதைப் போட்டாங்க. சில மணி நேரத்துல ஜுரம் இறங்குச்சு, கொஞ்ச நாள்ல கண்ணு முழிச்சா, புற்றும் போச்சு. புற்றுக்கு மருந்து கண்டுபிடிச்ச ஆளு வீட்டுல மூட்டு மருந்து பத்தின பேச்சு இல்லாம இருந்திருந்தா? இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. மூட்டுவாதத்துக்கு இந்த மாதிரி மருந்தோ ஸ்டீராய்டோ எடுக்கறவங்களுக்குக் கிருமி தொத்தினாலும் ஜுரம் சரியா வராம போகலாம், சேதிக்காரனையே பிடிச்சு வச்சாச்சே. வயசானவங்களுக்கும் அப்படித்தான், 99-ஐத் தாண்டாமலே நிமோனியா இருக்கும். எங்க பெரியப்பாவுக்கு அப்படி ஆச்சு, "ஜுரம்தான் இல்லையே"ன்னு ஒரு கிளினிக்ல ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாங்க, அது பெரிய கதை, இங்க வேணாம்.

அப்பத்தா கணக்கு தப்பாப் போற இடமும் ஒண்ணு உண்டு, அதையும் சொல்லணும். மூணாவது நாள் சாயங்காலம் பாப்பாவுக்கு மருந்தே கொடுக்காம ஜுரம் இறங்கிருச்சு. கால் சூடு, கழுத்துல வேர்வை. ஊருக்குப் போன் பண்ணா அம்மா "விட்டுருச்சுல்ல, கஞ்சியைக் கொடு, கண்ணு பட்டிருக்கும் சுத்திப்போடு"ங்கிறாங்க. எனக்கு அப்பதான் வயித்தைக் கலக்குச்சு, ஏன்னா மழை பெஞ்சு எங்க தெருவுல ரெண்டு வீட்டுல டெங்கு. டெங்குவுல ஜுரம் விடற நேரம்தான் ஆபத்து ஆரம்பிக்கிற நேரம், மூணாவது நாள்ல இருந்து ஏழாவது நாளுக்குள்ள, ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசிய ஆரம்பிக்கிறது, பிளேட்லெட் இறங்குறது எல்லாம் அப்பதான். உள்ளங்கால் மூளையோட ஆர்டரைத்தான் சொல்லும், ரத்தக்குழாய் கசியுதான்னு அதுக்குத் தெரியாது. வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், ஒண்ணுக்குப் போறது குறையுறது, அசந்து கிடக்கிறது, இதுல எது வந்தாலும் ராத்திரியோ பகலோ ஓடணும்னு டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தாங்க. ஐப்யூபுரோஃபன் கலந்த சிரப்பைத் தொடவே கூடாதுன்னும் சொன்னாங்க, ரத்தக்கசிவு கூடும், டெங்கு சந்தேகம் இருந்தா பாராசிட்டமால் மட்டும்தான். அன்னைக்கு ராத்திரி நான் காலைப் பிடிச்சுப் பார்க்கல, ஒண்ணுக்குப் போனாளா, எத்தனை தடவை போனான்னு நோட்டுல எழுதிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

காலையில லேப்ல ரத்தம் எடுக்கும்போது கத்தின கத்துல தெம்பு வந்துருச்சுன்னு தெரிஞ்சுது. மத்தியானம் ரிசல்ட் போன்ல வந்துச்சு, டெங்கு என்எஸ்1 நெகட்டிவ், பிளேட்லெட் ரெண்டேகால் லட்சம். இருந்தாலும் டாக்டர் இன்னும் ரெண்டு நாள் கவனிங்க, வேணும்னா திரும்ப ஒரு கவுன்ட் பார்ப்போம்னாங்க. போனை வச்சுட்டு கிச்சனுக்குப் போனா, பின்னாடியே வந்து நைட்டியைப் பிடிச்சு இழுக்கறா. கஞ்சி வேணாமாம், தோசை வேணுமாம், அதுவும் ஓரம் முறுகலா.